பதினைந்து மாத ஆட்சியும் நம் பகுதி இறப்பரும்

இறப்பர் விலை சற்று இறங்கினால் போதும், கேகாலை, இரத்தினபுரிப் பக்கம் ஒரு பேச்சு கிளம்பிவிடும். "எல்லோரும் சேர்ந்து சரக்கை வெளியே விடாமல் வைத்திருந்தால் விலை தன்னால் ஏறும்." ஒருமுறை சிறுதோட்டக்காரர் ஒருவர், என்னைவிட மூத்தவர், கடைக்கு வந்து இதையே கேட்டார். "தம்பி, சீற்றைக் கட்டி வைக்கவா, விற்கவா?" அவருக்கு நான் சொன்ன கதை நமது வியாபாரிகளுக்கும் பயன்படும்.

1922 ஒக்டோபர் 23ஆம் திகதி பிரித்தானியாவில் கொன்சர்வேட்டிவ் கட்சி ஆட்சிக்கு வந்தது. பிரதமரான போனர் லோ நம்மைப்போல ஒரு வியாபாரி. 16 வயதில் பள்ளியை விட்டு, கிளாஸ்கோ நகரில் இரும்பு வியாபாரத்தில் வளர்ந்தவர். தொண்டைப் புற்றுநோயால் ஏழே மாதத்தில் பதவி விலகினார். அடுத்து வந்த ஸ்டான்லி போல்ட்வினும் இரும்புத் தொழில் குடும்பத்தவர்தான். அவர் எட்டு மாதம் இருந்தார். 1924 ஜனவரி 22ஆம் திகதி எல்லாம் முடிந்தது. மொத்தம் 15 மாதம்.

இந்தச் சிறிய ஆட்சிக்கும் நம் தோட்டங்களுக்கும் என்ன சம்பந்தம்? முதல் உலகப் போருக்குப்பின் இறப்பர் விலை படுத்துவிட்டது. 1922இல் லண்டனில் ஓர் இறாத்தல் ஒரு சிலிங்குக்கும் கீழே போனது. பால் வெட்டும் நாள் குறைந்தால் தொழிலாளிக்குக் கூலி இல்லை. தோட்டத்தை நம்பிக் கடன் கொடுத்த கடைக்காரனின் கொப்பியும் நீண்டுகொண்டே போகும். முந்திய அரசாங்கம் நியமித்த ஸ்டீவன்சன் குழு ஒரு வழி சொன்னது. இலங்கையும் மலாயாவும் 1920ஆம் ஆண்டு உற்பத்தியில் 60 வீதத்தை மட்டும் குறைந்த வரியில் ஏற்றுமதி செய்யலாம். அதற்குமேல் அனுப்பினால் கடும் வரி. புதிய ஆட்சி வந்த பத்தாம் நாள், நவம்பர் 1ஆம் திகதி, இது அமுலுக்கு வந்தது.

விலை ஏறியதா? நன்றாகவே ஏறியது. 1925இல் 4 சிலிங்கையும் தாண்டியது. தோட்டத் துரைமார் மகிழ்ந்தார்கள்.

இதற்கிடையில் லண்டனில் வேறொன்று நடந்தது. 10 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலையில்லாமல் இருந்தார்கள். வெளிநாட்டுச் சரக்குக்கு வரி போட்டால் உள்ளூர்த் தொழில் பிழைக்கும் என்று போல்ட்வின் நினைத்தார். ஆனால் மக்களைக் கேட்காமல் வரிமுறையை மாற்றமாட்டோம் என்று போனர் லோ வாக்குக் கொடுத்திருந்தார். பாராளுமன்றத்தில் போதிய பெரும்பான்மை இருந்தும், முன்னவர் கொடுத்த வாக்குத் தன்னையும் கட்டுப்படுத்தும் என்று சொல்லி, 1923 டிசம்பர் 6ஆம் திகதி தேர்தல் வைத்தார். சாப்பாட்டு விலை ஏறும் என்று எதிர்க்கட்சிகள் பிரசாரம் செய்தன. 344 ஆசனம் இருந்த கட்சி 258க்கு இறங்கியது. அடுத்த மாதம் ஆட்சி போய், தொழிற்கட்சி முதன்முறையாக அரசாங்கம் அமைத்தது.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வரியைப் பற்றி போல்ட்வின் வாங்குகிறவனிடம் கேட்டார், அவன் வேண்டாம் என்றான், பதவி போயிற்று. இறப்பர் விடயத்தில் வாங்குகிறவனை யாரும் கேட்கவில்லை. பெரிய வாடிக்கையாளன் அமெரிக்கா. அங்கே வர்த்தகச் செயலாளர் ஹூவர் கடுமையாக எதிர்த்தார். பழைய டயர் இறப்பரைத் திரும்பப் பாவித்தார்கள். ஃபயர்ஸ்டோன் கம்பனி 1926இல் லைபீரியாவில் 10 இலட்சம் ஏக்கருக்கு ஒப்பந்தம் செய்தது. ஃபோர்ட் பிரேசிலுக்குப் போனார். எல்லாவற்றுக்கும் மேலாக, திட்டத்தில் சேராத ஒல்லாந்தரின் இந்தோனேசியாவில் பெருந்தோட்டக்காரரும் சிறுவிவசாயிகளும் மரத்தை நட்டுத் தள்ளினார்கள். நாம் கதவைப் பாதி மூடினோம், பக்கத்துக் கடை விரிந்தது.

கேட்டுத் தோற்ற போல்ட்வின் 1924 நவம்பரில் பெரும் வெற்றியோடு திரும்பி வந்தார். திட்டத்தைக் கைவிடுவதாக 1928 ஏப்ரலில் அறிவித்ததும் அவரே. அந்த நவம்பருடன் கட்டுப்பாடு நீங்கியது. ஆனால் அங்கெல்லாம் நட்ட மரத்தைப் பிடுங்க முடியுமா? அந்தப் பாலும் சந்தைக்கு வந்தது, கூடவே உலகப் பொருளாதார மந்தமும் வந்தது. 1932இல் இறாத்தல் 2 பென்சுக்கும் கீழே விழுந்தது. 1934இல் ஒல்லாந்தரையும் சேர்த்துத்தான் மீண்டும் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள்.

இன்று தாய்லாந்தும் இந்தோனேசியாவும் முன்னே நிற்க, உலக இறப்பரில் நமது பங்கு மிகச் சிறியது. அன்றே நடக்காதது இன்று நாலு பேர் சீற்றைக் கட்டி வைப்பதால் நடக்குமா?

அரிசியோ, சீமெந்தோ, துணியோ, எந்த வியாபாரமானாலும் இதே கணக்குத்தான். விலை ஏற்ற வேண்டிய நிலை வந்தால் வாடிக்கையாளனிடம் காரணத்தைச் சொல்லி ஏற்றுங்கள். சிலர் முகம் சுளிப்பார்கள், சிலர் போவார்கள். உண்மை சொன்னவனிடம் திரும்பியும் வருவார்கள். சரக்கை வைத்துக்கொண்டே இல்லை என்று சொன்னால், அவன் அடுத்த கடையின் வழியைப் பழகிக்கொள்வான்.

பெரியவர் யோசித்துவிட்டு, பாதிச் சீற்றை அன்றே நிறுக்கச் சொன்னார். மீதியை நல்ல சீற்றாகத் தரம் பிரித்துக் கொண்டுவருவதாகச் சொல்லிப் போனார். விலையைக் கூட்ட நம் கையில் உள்ள வழி அதுதான்.