மண்ணுக்கேற்ற கற்கோடரி

சென்னைக்கு வடமேற்கே, கொசஸ்தலையாற்றுப் படுகையில் உள்ள அத்திரம்பாக்கத்தில், சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மனிதர்கள் குவார்ட்சைட் கல்லை உடைத்துக் கைக்கோடரி செய்தனர். மணற்பாறை இறுகி உருவான இக்கல், அடித்தால் கூரிய சில்லுகளாகப் பெயரும் என்பதால், அதைத் தேய்த்துக் கூராக்கும் தேவை அவர்களுக்கு எழவில்லை.

தேய்த்து வழவழப்பாக்கும் முறை, வேளாண்மையும் கால்நடை வளர்ப்பும் வேரூன்றிய புதிய கற்காலத்தில்தான் தென்னிந்தியாவில் பரவியது. அதற்குச் சிறந்த சான்று கர்நாடகத்தின் பல்லாரிக்கு அருகிலுள்ள சங்கனகல்லு ஆகும். பல்லாரி ஆண்டுக்குச் சுமார் 500 மி.மீ. மழையே பெறும் வறண்ட நிலம். அங்குள்ள குன்றுகள் பெரும்பாலும் கருங்கல்லால் ஆனவை. அவற்றின் பிளவுகளில் பூமிக்கடியிலிருந்து பாறைக்குழம்பு புகுந்து உறைந்ததால் உண்டான டோலரைட் என்னும் கரிய பாறை, சுவர்போல் நீண்டு கிடக்கிறது. சில்லாக உடைத்த விளிம்பைவிடத் தேய்த்த விளிம்பு மரம் வெட்டும்போது எளிதில் சிதையாது என்பதால், மக்கள் டோலரைட்டை முதலில் உடைத்து உருவாக்கி, பின் கொத்திச் சமன்செய்து, இறுதியில் கருங்கற்பாறைமேல் தேய்த்துக் கோடரியாக்கினர். அவ்வாறு தேய்த்த பள்ளங்கள் இன்றும் பாறைகளில் காணப்படுகின்றன.

கோடரிக்கு டோலரைட் என்றால், தானியம் அரைப்பதற்குக் கருங்கல். சொரசொரப்பான அதன் பரப்பு, வறள்நிலப் பயிர்களான சிறுதானியத்தையும் கொள்ளையும் அரைக்க ஏற்றது. கனமான அரைகல்லைத் தொலைவுக்குச் சுமப்பது அரிது என்பதால், அது பெரும்பாலும் கிடைத்த இடத்திலேயே பயன்பட்டது. கைக்கடக்கமான கோடரியோ கைமாறிக் கைமாறி நெடுந்தொலைவு செல்லக்கூடியது.

கோடரி இவ்வாறு தொலைவு செல்லும் என்பதைத் தமிழகத்தில் நன்கு காணலாம். பாறைகள் நிறைந்த வடமேற்கு மாவட்டங்களில், பையம்பள்ளி, மயிலாடும்பாறை போன்ற ஊர்களில், வழவழப்பான கற்கோடரிகள் அகழாய்வில் கிடைத்துள்ளன. ஆனால் 2006-இல் மயிலாடுதுறைக்கு அருகே செம்பியன்கண்டியூரில் கிடைத்த கற்கோடரி, பாறையே இல்லாத காவிரிப் படுகை வண்டலில் இருந்தது. அதன்மேல் உள்ள கீறல்கள் சிந்துவெளி எழுத்துகள்தாமா என்ற விவாதமே பெரிதும் பேசப்படுகிறது. எனினும் அக்கல் வெளியிலிருந்து வந்தது என்பதில் ஐயத்திற்கு இடமில்லை. ஆகவே ஒரு கற்கருவியின் வடிவத்தை மட்டுமன்றி, அதன் கல் எந்த மண்ணுக்குரியது என்பதையும் கேட்டறிந்தால்தான் அதன் வரலாறு முழுமையடையும்.