கறுத்த வானத்தின் கொல்லைப்புறம்

மலைப் படங்களில் எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. படத்தைப் பார்த்ததும், எடுத்தவர் எங்கே நின்றார், காலுக்குக் கீழே என்ன இருந்தது, மூச்சு வாங்கியதா, முதுகில் எத்தனை கிலோ என்றுதான் மனசு ஓடும். அந்தப் பைத்தியத்துக்குத் தலைவாழை இலை போட்டு விருந்து வைக்கிற படம் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் யோசமிட்டி பள்ளத்தாக்கில், ஹாஃப் டோம் என்ற கிரானைட் மலையை ஆன்செல் ஆடம்ஸ் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். பாதியாக வெட்டி நிறுத்தியது மாதிரி ஒரு பாறை முகம், ஓரங்களில் பனி, பின்னால் நள்ளிரவு போலக் கறுத்த வானம்.

எடுத்தது எப்போது தெரியுமா? பட்டப்பகல் இரண்டரை மணிக்கு!

வாருங்கள், பின்பக்கமாகப் போய் எட்டிப் பார்ப்போம். 1927 ஏப்ரல் 10. ஆடம்ஸுக்கு வயது 25. அன்றைக்கு அவர் முழுநேரப் புகைப்படக்காரர்கூட இல்லை. மேடைப் பியானோக் கலைஞராக வேண்டும் என்று பயிற்சி செய்துகொண்டிருந்தவர். பியானோ வாசிக்கிற விரல்களை வைத்துக்கொண்டு பனி மூடிய பாறை இடுக்கில் தொற்றி ஏறுகிறாரே என்று நமக்குத்தான் பதறுகிறது. கூட ஏறியவர்களில் ஒருவர் வயலின் கலைஞர் செட்ரிக் ரைட். இன்னொருவர் விர்ஜினியா பெஸ்ட், ஆடம்ஸின் வருங்கால மனைவி. அடுத்த ஜனவரியில் இருவருக்கும் கல்யாணம். கல்யாணத்துக்கு முன்பே மாப்பிள்ளையின் லட்சணம் என்னவென்று இவ்வளவு தெளிவாகத் தெரிந்துகொண்ட பெண் வேறு யாரும் இருக்க முடியாது.

ஏனென்றால் மாப்பிள்ளை முதுகில் சுமந்தது சுமார் 18 கிலோ! மரத்தால் ஆன கொரோனா வியூ கேமரா, லென்ஸ்கள், ஃபில்டர்கள், கனமான மர டிரைபாட், அப்புறம் ஆறரைக்கு எட்டரை அங்குலத்தில் 12 கண்ணாடித் தகடுகள். ஃபிலிம் இல்லை, கண்ணாடி! வழுக்கி விழுந்தால் எலும்பும் உடையும், படமும் உடையும். மொத்தமே 12 தகடுகள்தான் என்பதால் ஒவ்வொரு முறையும் யோசித்து யோசித்துத்தான் கைவைக்க வேண்டும். ஆனால் வழியெல்லாம் அழகாக இருந்தால் யார் கைதான் சும்மா இருக்கும்? இவரும் எடுத்துக்கொண்டே போனார். பள்ளத்தாக்குக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் டைவிங் போர்டு என்ற பாறைக்கு வந்து சேர்ந்தபோது மிச்சம் இருந்தவை இரண்டே தகடுகள்.

நண்பகல் வாக்கில் வந்து சேர்ந்தாகிவிட்டது. ஆனால் எடுக்க முடியவில்லை. ஹாஃப் டோமின் செங்குத்து முகம் வடமேற்கைப் பார்த்தது. காலை முழுக்க அங்கே நிழல்தான். சூரியன் மெதுவாக நகர்ந்து, பாறையைச் சாய்வாகத் தடவ ஆரம்பித்தால்தான் அதன் மேடு பள்ளம் தெரியும். ஆகவே உட்கார்ந்து காத்திருந்தார்கள். மலைப் படம் எடுப்பதில் பாதி வேலை இதுதான், யாரும் வெளியே சொல்வதில்லை.

வெளிச்சம் வந்தது. ஆடம்ஸ் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். அந்த வகைக் கேமராவின் பின்பக்கக் கண்ணாடியில் காட்சி தலைகீழாகத்தான் தெரியும். உலகமே வியக்கிற மலை, அவருக்கு வௌவாலாகத் தொங்குகிறது! ஃபோகஸ் பார்த்து முடித்துத் தகட்டைச் செருகிவிட்டால் அதுவும் தெரியாது. அதற்குப் பிறகு எல்லாமே மனக்கணக்கு.

முதல் தகடு, வழக்கமான மஞ்சள் ஃபில்டர் போட்டு. எடுத்து முடித்ததும் ஓர் உறுத்தல். வானம் சாம்பல் நிறத்தில் வரும், பாறையின் மிரட்டல் வராது. கையில் இருந்தது கடைசித் தகடு. பத்திரமாக இன்னொன்று எடுத்துவைப்பதுதான் புத்திசாலித்தனம். ஆடம்ஸோ அடர் சிவப்பு ஃபில்டரை எடுத்து மாட்டினார். ராட்டன் 29 என்று அதற்குப் பெயர். இந்த இடத்தில் எனக்கு எப்போதும் உள்ளங்கை வியர்த்துவிடும்.

சூட்சுமம் ரொம்ப எளிது. சிவப்புக் கண்ணாடி நீல ஒளியை விடாது. தெளிந்த வானம் நீலம். நிழலில் கிடக்கும் பனிக்கும் பாறைக்கும் வானத்தின் அந்த நீல வெளிச்சம்தான். எல்லாம் ஒருசேரக் கறுக்கும். வெயில் பட்ட பாறையும் பனியும் மட்டும் பளிச்சென்று நிற்கும். இன்னொன்று, பழைய தகடுகளுக்குச் சிவப்பு என்ற நிறமே தெரியாது. டார்க் ரூமில் சிவப்பு விளக்கு எரிந்ததே அதனால்தான். ஆடம்ஸ் கொண்டுபோனவை எல்லா நிறமும் உணரும் பேன்க்ரோமேட்டிக் தகடுகள். அவை இல்லாவிட்டால் இந்த வித்தை பலித்திருக்காது.

பலித்ததற்கு ஒரு விலையும் உண்டு. அந்த ஃபில்டர் ஒளியைப் பதினாறில் ஒரு பங்காகக் குறைத்துவிடும். எனவே எஃப் 22-இல் 5 விநாடி எக்ஸ்போஷர். ஒன்று... இரண்டு... மூன்று... மலை உச்சியில், மர டிரைபாட்டின் மேல், ஒரு காற்று அடித்தால் கதை முடிந்தது. அடிக்கவில்லை! அன்று சாயங்காலமே கழுவிப் பார்த்தார். மனதில் கண்ட வானம் கண்ணாடியில் இருந்தது.

இது ஏமாற்று வேலை இல்லையா, அன்றைக்கு வானம் கறுப்பாகவா இருந்தது என்று கேட்பவர்கள் உண்டு. கறுப்பு வெள்ளைப் படத்தில் வானம் நீலமாகவும்தான் இல்லை. போகட்டும்.

அந்த ஆண்டே வெளிவந்த ஆடம்ஸின் முதல் படத்தொகுப்பில் இந்தப் படமும் சேர்ந்தது. வெறும் புகைப்படம் என்றால் கலைப்பொருளாக விலைபோகாது என்ற பயத்தில், பதிப்பாளர் ‘பார்மீலியன் பிரின்ட்’ என்று வாயில் நுழையாத ஒரு பெயரைப் புனைந்து ஒட்டினார். அதைவிடப் பெரிய கண்டம் 1937-இல் வந்தது. யோசமிட்டி டார்க் ரூமில் தீப்பிடித்து நெகட்டிவ்கள் ஏராளமாக அழிந்தன. இந்தக் கண்ணாடி தப்பியது.

உங்களுக்கும் கை பரபரக்கிறதா? 18 கிலோவெல்லாம் வேண்டாம். மழை கழுவிவிட்ட, வானம் அடர் நீலமாக இருக்கிற நாளில் மலையேறுங்கள். போன் கேமராவைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றி, லென்ஸுக்கு முன்னால் சிவப்புக் கண்ணாடித்தாளைப் பிடித்து எடுத்துப் பாருங்கள். மேகமூட்டமோ பனிமூட்டமோ இருந்தால் நேரத்தை வீணாக்க வேண்டாம், வெள்ளை வானம் எந்தச் சிவப்புக்கும் மசியாது. பாறை விளிம்பிலிருந்து மட்டும் நாலடி தள்ளியே நில்லுங்கள்.