கேன்டீன் சாமான் மட்டும்தானா?

எங்கள் தெருவில், 17 வருடம் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர் இருக்கிறார். மிலிட்டரி கேன்டீனில் மலிவாக மிக்சி, கிரைண்டர் வாங்கித் தரச் சொல்லித்தான் பலரும் அவரைத் தேடிப் போவோம். நானும் குக்கர் கேட்டுப் போயிருந்தேன்.

அவர் மனைவி, "வர்றவங்க எல்லாம் சாமான்தான் கேக்கறாங்க கண்ணு. எங்க இருந்தாரு, என்ன கஷ்டப்பட்டாருன்னு ஒருத்தரும் கேட்டதில்ல" என்றார். சுருக்கென்றது.

ஜனவரி 14 முன்னாள் படைவீரர் நாள். 1953-ல் அதே நாளில்தான், நம் ராணுவத்தின் முதல் இந்தியத் தலைமைத் தளபதி கரியப்பா ஓய்வு பெற்றார். பொங்கல் சமயமாச்சே! சர்க்கரைப் பொங்கலுடன் தெருப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய், "அண்ணே, கார்கில் பத்திச் சொல்லுங்க" என்றேன்.

1999-ல் அவர் அங்கே இருந்தாராம். குளிர், மலையேற்றம் என உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே வந்தவர், உடனிருந்து திரும்பாத நண்பனின் பெயரைச் சொன்னதும் பேச முடியாமல் நிறுத்தி விட்டார். அவர் மனைவியே அந்தப் பெயரை அன்றுதான் கேட்டாராம்!

டிசம்பர் 7 கொடி நாளுக்கு உண்டியலில் காசு போட்டால் மட்டும் போதுமா? உங்கள் தெரு மிலிட்டரிக்காரரிடமும் ஒருமுறை உட்கார்ந்து கேட்டுப் பாருங்களேன், தோழியரே!

- ஒரு வாசகி, பென்னாகரம், தர்மபுரி மாவட்டம்.