வெல்லத்திலிருந்து கரி

குளுக்கோசு என்னும் எளிய வெல்லத்தின் நிறையில் நூற்றுக்கு 40 பங்கு காபன். எஞ்சியதிற் பெரும்பங்கு ஒட்சிசன். வெல்லக் கரைசலை மூடிய கலத்திலிட்டு ஏறத்தாழ 200 பாகை சதமத்துக்குச் சூடாக்கினால், மூலக்கூறுகளினின்று நீர் பிரியும். எஞ்சியவை ஒன்றோடொன்று பிணைந்து கபிலநிறக் கரியாகப் படியும். இக்கரியிற் காபன் நூற்றுக்கு 60 பங்கிற்கு மேற்படும். 1913இல் செருமானிய இரசாயன அறிஞர் பிரீட்ரிக் பேர்கியசு செலுலோசை இவ்வாறு கரியாக்குதலை விளக்கினார். வெளியிலிருந்து சூடேற்றினால் வெப்பம் கலத்தின் சுவரைக் கடந்தே உட்செல்லும். நுண்ணலையோ கரைசலின் நீரையே நேராகச் சூடாக்குவதால் வேலை விரைவில் முடியும்.

உண்ணும் சீனியை எரித்தல் நட்டமே. ஆயினும் வைக்கோலிலும் கரும்புச் சக்கையிலுமுள்ள செலுலோசு குளுக்கோசின் தொடராதலால், வெல்லத்திற் கற்ற பாடம் கமக் கழிவுகளுக்கும் உதவும். ஈரக் கழிவை உலர்த்த வேண்டியதில்லை என்பதே இம்முறையின் சிறந்த நன்மையாகும்.

கமக்காரர் இதனை வீட்டில் முயலலாகாது. 200 பாகையில் நீராவியின் அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தின் 15 மடங்காகும். கலம் வெடித்து உயிர்ச்சேதம் நேரலாம். இக்கரியைப் புதிதாக நாற்றுமேடையில் இடுதலும் ஆகாது; அதிலுள்ள சில பொருள்கள் விதை முளைப்பதைத் தடுக்கக்கூடும். கமத்தில் எஞ்சும் வைக்கோலைக் கொளுத்தாது கூட்டெருவாக்குதலே கமக்காரர் கைக்கெட்டிய வழியாகும்.