மண்ணில் விளைந்த கணக்கு – 8: ஏழு பேர், மூன்று கூலி

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையிலிருந்து கோண்டாவில் பக்கம் போனால் வீடுகளுக்கு நடுவே இன்னமும் செம்மண் தோட்டங்கள் தென்படும். கிணற்றடிப் பாத்திக்கும் வாய்க்காலின் கடைசிப் பாத்திக்கும் தண்ணீர் ஒரே அளவில் போய்ச் சேராது. ஒரு இன வெங்காயத்தை இங்கேயும் இன்னொன்றை அங்கேயும் நட்டு, கிண்டி நிறுத்தால், நிறுப்பது வெங்காயத்தையா தண்ணீரையா?

இந்தச் சிக்கலுக்கு இங்கிலாந்தின் ரொதம்ஸ்டெட் பண்ணையில் புள்ளியியலாளர் ஃபிஷர் வழி தேடினார். அங்கேயே யேட்ஸ் 1936இல் இன்னும் ஒரு படி போனார். எல்லா இனத்தையும் ஒரே வரிசையில் நட இடமில்லையா? பரவாயில்லை. எந்த இரண்டு இனத்தை எடுத்தாலும் அவை ஒரே வரிசையில் சமமான தடவை சேர்ந்து வந்தால் போதும். அப்படியான அமைப்புகளைக் கட்டும் வழிகளை 1939இல் விரித்து எழுதியவர் கல்கத்தாவின் ராஜ் சந்திர போஸ். அவர் வடிவகணிதக்காரர். மகாலனோபிஸ் தன் புள்ளியியல் நிறுவனத்துக்கு அழைத்த பிறகுதான் இந்தத் துறைக்குள் வந்தார்.

இனங்களை விட்டுவிட்டு ஆட்களை வைத்துப் பார்க்கிறேன். புல்லுப் பிடுங்க ஏழு பெண்கள் இருக்கிறார்கள். தோட்டக்காரருக்கு நாளுக்கு மூன்று பேர் போதும். முதல் நாள் 1, 2, 4. அடுத்த நாள் ஒவ்வொரு எண்ணிலும் ஒன்று கூட்டுங்கள்: 2, 3, 5. பிறகு 3, 4, 6. அப்புறம் 4, 5, 7. ஏழைத் தாண்டினால் ஒன்றுக்குத் திரும்ப வேண்டும்: 5, 6, 1; 6, 7, 2; 7, 1, 3. ஒவ்வொருத்திக்கும் சரியாக மூன்று நாள் வேலை. எந்த இருவரும் ஒரே ஒரு நாள் பக்கத்தில் குந்தியிருந்து புல்லுப் பிடுங்குவார்கள். தெரிந்த ஆளையே திரும்பத் திரும்பக் கூப்பிடும் வழக்கத்தில் இந்த நியாயம் கிடையாது. கடைசி வீட்டுக்காரிக்கு அழைப்பே வராத கிழமைகள் உண்டு.

ஆனால் எப்படிப் பகிர்ந்தாலும் கூலிநாள் 21தான். ஒன்று கூடக் கூடாது. இதுதான் என் மனதைக் குடைகிறது.

இலங்கையின் தொழிற்படை மதிப்பீட்டில், கணக்கில் எடுக்கும் கிழமையில் ஒரு மணித்தியாலம் வேலை செய்தவரும் தொழில் உள்ளவர். உலகெங்கும் கைக்கொள்ளும் விதிதான் அது. அதன்படி நம் ஏழு பெண்களுக்கும் தொழில் இருக்கிறது, வேலையில்லாதவர் எவருமில்லை. கணக்கு முடிந்துவிட்டது!

இந்தியாவில் 1970இல் தந்த்வாலா குழு, கிராமத்து வேலையில்லாமையை ஒரே எண்ணில் அடைப்பது பொருந்தாது என்றது. மகாலனோபிஸ் தொடக்கிய தேசிய மாதிரி ஆய்வு, 1972-73இல் தன் 27ஆவது சுற்றில் ஆட்களை எண்ணுவதோடு நாட்களையும் எண்ணத் தொடங்கியது. கிழமையின் ஏழு நாளையும் தனித்தனியே எடுத்து, ஒவ்வொன்றையும் இரண்டு அரைநாளாக உடைத்தார்கள். நான்கு மணித்தியாலம் செய்தால் முழு நாள்; குறைந்தால் அரை. இந்தக் கணக்கில் ஏழு பேருக்கு 49 நாள். வேலை கிடைத்தது 21. மிச்சம் 28 நாளும் படிவத்தில் ஏறி நிற்கும்.

காலை ஏழு மணிக்கு வந்து, பத்து மணிக்கு மழை இறங்கியதும் கடகத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு திரும்புகிறவளுக்கு அரைநாள் விழும். மீதி அரையில் வேலை கிடைத்தால் செய்ய அவள் தயாராக இருந்தாளா என்று அடுத்த கேள்வி வரும். அந்தக் கேள்வியை வருகிற கிழமை எடுத்துக்கொள்வோம்.