நிலமில்லார்க்கு ஒரு வேளாண்மை

வேளாண்மை என்றதும் வயலும் ஏருமே நினைவுக்கு வருகின்றன. சொந்த நிலம் இல்லாதவர்க்கு அதில் இடம் ஏது? தெஹியோவிட்டப் பகுதியின் இறப்பர்த் தோட்டங்களில், லயன் அறைகளில் வாழ்வோர்க்கு இது வெறுங்கேள்வி அன்று. தலைமுறைகளாகப் பால் வெட்டியும், மரம் நிற்கும் மண்ணில் ஒரு பாத்தியையேனும் தமதென்று சொல்ல இயலாதோர் அவர்களுள் பலர்.

இக்கேள்விக்குத் தென் திருவிதாங்கூரைச் சேர்ந்த மார்த்தாண்டத்தில் ஒரு விடை கிடைத்தது. கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் சார்பில் அங்கே 1920-களில் கிராமப் புனரமைப்புப் பணியைத் தொடங்கியவர் அமெரிக்கரான ஸ்பென்சர் ஹாட்ச். தக்க ஆலோசனையைப் பெற்று மக்கள் தாமே தம்மை உயர்த்திக்கொள்ள வேண்டும் என்பது அவர் கொள்கை. ஆகவே கோழி வளர்ப்பு, தேனீ வளர்ப்பு முதலிய, ஏழையின் கைக்கெட்டும் தொழில்களையே அவர் நாடினார்.

மரப்பொந்தில் வாழும் தேனீயின் அடையைப் பிழிந்து தேன் எடுப்பதே பழைய வழக்கம். அதனால் அடையும் அழியும், புழுக்களும் மாளும். சட்டங்கள் பொருத்திய பெட்டியிலோ, அடையைக் கழற்றிச் சுழற்றித் தேனை மட்டும் பிரித்துவிடலாம். வெற்றடையைத் தேனீக்கள் மீண்டும் நிரப்பும். சிறிய உருவமுடைய நம் நாட்டுத் தேனீக்கேற்ற பெட்டியை, 1910-களில் திருச்சிராப்பள்ளியில் நியூட்டன் பாதிரியார் வடிவமைத்திருந்தார். மார்த்தாண்டத்தில் தேனைக் கூட்டாக விற்கவும் வழி செய்யப்பட்டது. தனியாளுக்குக் கிட்டாத விலை கூட்டுறவுக்குக் கிட்டிற்று.

பிற்காலத்தில் அவ்வட்டாரத்தில் இறப்பர் பெருகியது தேனுக்கும் ஆக்கமாயிற்று. இலையுதிர்த்த இறப்பர் மரம் தளிர்க்கையில், மூன்று சிற்றிலைகள் கூடும் காம்பு நுனியில் இனிய நீர் சுரக்கிறது. அதுவே அங்குத் தேனின் பெருவரவு. தெஹியோவிட்டவிலும் அதே மரம் உண்டு. இலங்கைக் காடுகளில் அதே இனத் தேனீயும் உண்டு.

இடரும் இல்லாமலில்லை. மழைக்காலத்தில் மலர் குறையும்போது சர்க்கரைப் பாகு ஊட்டாவிடில் தேனீக்கள் கூட்டை விட்டு ஓடிவிடும். 1991-92-இல் பரவிய நச்சுயிரி நோயொன்று, தென்னிந்தியாவில் இவ்வினத்தின் கூடுகளில் பெரும்பாலானவற்றை வெறுமையாக்கிற்று. எஞ்சிய வலிய கூட்டங்களைப் பெருக்கியே தொழில் மீண்டெழுந்தது.

தேன் பெட்டி நிலவுரிமைக்கு ஈடாகாது. எனினும், பெட்டி வைக்கச் சிறிது இடமும் தோட்ட நிர்வாகத்தின் இசைவும் கிடைத்தால், பிறர் மரத்தின் தளிரிலிருந்தும் தமக்கென ஒரு விளைச்சலைக் காணலாம். மார்த்தாண்டம் காட்டிய வழி அதுவே.