குதிகாலில் பிறந்த வார்த்தை

கேம்பஸ் இன்டர்வியூ. 'உங்களைப் பற்றிச் சொல்லுங்க' என்றதும், மனப்பாடம் செய்த வரியை எடுத்து விடுகிறீர்கள்: 'மை பேரன்ட்ஸ் இன்கல்கேட்டட் மீ குட் ஹேபிட்ஸ்.' போச்சு!

'டீச்' மாதிரி இதற்கும் 'மீ' போட்டுடலாம்னு நினைக்கிறோம். ஆனால் 'இன்கல்கேட்டட் குட் ஹேபிட்ஸ் இன் மீ' என்பதுதான் சரி. 'மீ வித் குட் ஹேபிட்ஸ்' என்பதையும் அகராதிகள் ஏற்கின்றன. வெறும் 'மீ' கூடாது.

லத்தீனில் 'கால்க்ஸ்' என்றால் குதிகால். (மெடிக்கல் படிக்கும் நண்பரிடம் கேளுங்க, குதிகால் எலும்பின் பெயர் 'கால்கேனியஸ்'.) மண்ணை மிதித்து மிதித்து இறுக்குகிற மாதிரி, ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லி மனசில் பதிய வைப்பதே இன்கல்கேட். ஒருநாள் செமினாரில் நடக்கிற காரியமில்லை. 'செருப்பை வெளியில கழட்டு' என்று அம்மா பத்து வருஷம் கத்தினாங்களே, அதுதான்!

இவ்வளவு மிதி வேண்டாமா? 'இன்ஸ்டில்' இருக்கு. லத்தீனில் 'ஸ்டில்லா' என்றால் சொட்டு; சொட்டுச் சொட்டாக உள்ளே இறக்குவது. இதற்கும் 'இன்' சேரும். அறிவைப் பகிர்வது மட்டும்தான் என்றால் 'இம்பார்ட்', அதற்கு 'டு'.

இன்டர்வியூ பதற்றத்தில் எதுவுமே ஞாபகம் வரலையா? 'டாட் மீ குட் ஹேபிட்ஸ்' என்று சொல்லுங்க. அதில் ஒரு தப்பும் இல்லை.